படகு வாங்குவதற்கு முன்

ஊர் திரும்பிய கடற்றொழிற் குடும்பங்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு படகு வருமா? வரும். ஆனால் படகின் விலை வேறு, அந்தப் படகோடு தொழிலுக்குப் போக ஆகும் செலவு வேறு. வாழ்வாதார உதவித் தொகையோ, விற்ற நகையின் பணமோ, வெளிநாட்டிலிருக்கும் சகோதரன் அனுப்பியதோ, எதுவாயினும் இந்தத் தொகை பெரும்பாலும் ஒரு தடவைதான் வரும். அதனால் படகைப் பார்க்கப் போகும் முன் இந்தப் பக்கங்களை வாசியுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

முழுத் தொகையையும் படகுக்கும் எஞ்சினுக்கும் கொடுத்துவிட்டு, வலைக்கும் எண்ணெய்க்கும் பிறகு பார்க்கலாம் என்று நினைப்பதுதான் வழக்கமாக நடப்பது. படகு கரைக்கு வந்ததும் வலை வேண்டும், கயிறு வேண்டும், மிதப்பு வேண்டும், நங்கூரம் வேண்டும். பதிவுக்குப் பணம் வேண்டும். முதல் சில கிழமைகள் மீன் படாவிட்டாலும் மண்ணெண்ணெய் ஊற்றியே ஆகவேண்டும், கூட வருபவருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். கையில் காசில்லாத அந்த நேரத்தில்தான் மீன் வாங்கும் முதலாளியிடம் முற்பணம் கேட்கப் போகிறோம்.

முற்பணத்துக்கு வட்டி இல்லை என்பார்கள். பிடிக்கும் மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு, அவருடைய தராசில். அந்த விலையில்தான் வட்டி இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோவுக்கு 30 ரூபா குறைத்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 20 கிலோ, மாதத்தில் 20 நாள் தொழில். மாதம் 12,000 ரூபா உங்கள் கையை விட்டுப் போகிறது, வாங்கிய முற்பணமோ அப்படியே நிற்கிறது. படகு உங்கள் பெயரில் இருந்தாலும் மீன் உங்களுடையதல்ல என்ற நிலை இதுதான்.

முதலாளிமார் எல்லோரும் பிழையானவர்கள் என்று சொல்லவரவில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களிலும், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் கைகொடுப்பவர்கள் அவர்களாகவே இருப்பதுண்டு. ஆனால் அந்த உறவைத் தேவைப்படும் வேளையில் நீங்களாகத் தெரிந்தெடுப்பது வேறு, படகு வாங்கிய முதல் வாரமே அதற்குள் போய் விழுவது வேறு.

ஆகவே முதலில் வலைக்கும், பாதுகாப்புச் சாமான்களுக்கும், பதிவுக்கும், ஒரு மாதத்து எண்ணெய்க்கும் தேவையான காசை எடுத்துத் தனியாக வையுங்கள். மிச்சத்தில் என்ன படகு வரும் என்று பாருங்கள். மிச்சம் போதாவிட்டால் சிறிய எஞ்சின் வாங்குங்கள், வலையைக் குறைக்காதீர்கள். வேகமாகப் போய் வெறுங்கையோடு திரும்புவதில் பலனில்லை. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு வாங்குவதும் நல்ல வழிதான். யார் எவ்வளவு போட்டது, பழுதுச் செலவு யாருடையது, ஒருவர் விலகினால் மற்றவர் என்ன கொடுக்க வேண்டும் என்பவற்றை முதல் நாளே எழுதி, சங்கத் தலைவரை வைத்துக் கையெழுத்திட வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் கரைக்கு ஏற்ற படகு

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளில் இறாலுக்கும் சிறுமீனுக்கும் போகிறவருக்கு எஞ்சின் படகே தேவையில்லை. ஒரு நல்ல தோணியும் வலையும் போதும். எண்ணெய்ச் செலவே இல்லை. எல்லோரும் எஞ்சின் படகு கேட்கிறார்கள் என்பதற்காக நீங்களும் கேட்க வேண்டாம்.

பெருங்கடலுக்குப் போகிறவர்கள் 18 அடியிலிருந்து 23 அடிவரையான பைபர் படகுகளையே கூடுதலாகப் பாவிக்கிறார்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் தீவகப் பக்கத்து ஆழம் குறைந்த கடலிலும் ஓடிய 18 அடிப் படகு அங்கே நல்ல படகுதான். அதையே விலை மலிவென்று முல்லைத்தீவுக் கரைக்குக் கொண்டுவந்தால், வாடைக்காற்றுக் காலத்தில் அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது அதன் குறை தெரியும். கிழக்குப் பார்த்த கரைகளில் அணியம் உயர்ந்த, பக்கம் உயர்ந்த படகு வேண்டும். மன்னாரிலும் தீவகத்தின் மேற்குக் கரைகளிலும் சோளகம் வீசும் மாதங்களே கடினமானவை. ஒவ்வொரு நாளும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டிய கரையா, இறங்குதுறையில் கட்டக்கூடிய கரையா என்பதையும் பாருங்கள். மணலில் ஏற்றுவதானால் பாரம் குறைந்த படகும், தூக்கிவிட நாலு பேரும் வேண்டும்.

உங்கள் கரையிலேயே பத்து வருடம் ஓடிய படகுகள் எந்த அச்சில் செய்யப்பட்டவை என்று வயதான தொழிலாளிகளிடம் கேளுங்கள். விற்பவர் சொல்வதைவிட அது பயனுள்ளது.

பழைய பைபர் படகைப் பார்த்தல்

தனியாகப் போகாதீர்கள். பைபர் வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்தாலும் அது வீண்செலவல்ல. பகலில் போங்கள். புதிதாகப் பெயின்ற் அடித்த படகைக் கண்டால் சந்தோசப்படாமல், ஏன் இப்போது அடித்தார்கள் என்று கேளுங்கள். பெயின்ற் நல்லதையும் மூடும், வெடிப்பையும் மூடும்.

முதலில் படகைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மணலில் இழுபட்டு நடு அடி தேய்ந்து, உள்ளே இருக்கும் நார் வெளித்தெரிகிறதா? நார் தெரிந்தால் தண்ணீர் உள்ளே இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதன்பின் ஒரு சிறிய மரச்சுத்தியலாலோ இரண்டு ரூபாக் குற்றியாலோ அடி முழுவதும் சாண் சாணாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடம் இறுக்கமாக, தெளிவாக ஒலிக்கும். பைபர் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழன்ற இடத்தில் ஓசை மங்கும். மங்கிய இடங்களைச் சோக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். ஒன்றிரண்டு வட்டம் இருந்தால் பழுதுபார்க்கலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். அடி முழுவதும் வட்டமாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

சிலந்திவலை போல ஒரு புள்ளியிலிருந்து விரியும் மெல்லிய வெடிப்புகள், எங்கோ மோதிய அடையாளம். அவை மேற்பூச்சில் மட்டும் இருந்தால் பெரிய பயமில்லை. உள்பக்கத்திலும் அதே இடத்தில் வெடிப்பு இருந்தால் அந்த இடம் உடைந்தே இருக்கிறது.

போர்க்காலத்தில் கரையில் கிடந்த படகுகளில் சன்னம் துளைத்த ஓட்டைகளும் எறிகணைச் சிதறல் பட்ட இடங்களும் இருக்கும். இவற்றை அடைத்து விற்கிறார்கள். அடைத்தது பிழையல்ல; எப்படி அடைத்தது என்பதே கேள்வி. வெளியிலிருந்து களிபூசி மூடிய ஓட்டை சில மாதத்தில் கழன்று விழும். இரு பக்கமும் தேய்த்து, ஓட்டையைவிடப் பல மடங்கு அகலமாகப் பைபர் அடுக்கு வைத்து ஒட்டியிருந்தால் நிற்கும். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒட்டு வைத்த இடம் கைக்குத் தெரியும்.

எஞ்சின் பூட்டும் பின்பலகை தனியாகக் கவனிக்க வேண்டிய இடம். அநேக படகுகளில் அதன் உள்ளே பிளைவூட் இருக்கிறது. போல்ட் போட்ட துளைகளால் உப்புத்தண்ணீர் இறங்கினால் பலகை உள்ளேயே உக்கிவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. எஞ்சின் பூட்டியிருக்கும்போது அதன் தலையைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால், அல்லது மூலைகளில் வெடிப்புத் திறந்து மூடினால், அந்தப் படகில் கடலுக்குப் போக முடியாது. ஓடும்போது எஞ்சினோடு பின்பலகை கழன்றால் திரும்பி வருவதற்கு எதுவும் இருக்காது. பின்பலகையை மாற்றலாம், ஆனால் அது பெரிய வேலை. அந்தச் செலவை விலையில் கழித்த பின்பே பேசுங்கள்.

அணியத்திலும் இருக்கைகளின் கீழும் அடைத்திருக்கும் றெஜிபோம்தான் படகு கவிழ்ந்தாலும் தண்ணீரில் நிற்கச் செய்வது. சாமான் வைக்க இடம் வேண்டுமென்று சிலர் அதை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மூடி இருந்தால் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்தைத் தூக்கியும் பாருங்கள். அளவுக்கு மீறிப் பாரமாக இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது.

கடைசியாக ஒரு எளிய சோதனை. படகை இரண்டு கட்டைமேல் நிமிர்த்தி வைத்து, உள்ளே பத்துப் பதினைந்து வாளி தண்ணீர் ஊற்றி, ஒரு மணித்தியாலம் விட்டுவிடுங்கள். எங்கே கசிகிறது என்று வெளியில் தெரியும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

எஞ்சின்

பணம் கூடுதலாக ஏமாறுவது படகில் அல்ல, எஞ்சினில். வருவதற்கு முன் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் போகும்போது எஞ்சின் சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடான எஞ்சின் இலேசாக ஸ்ரார்ட் ஆகும். ஆறிய எஞ்சினை நீங்களே கயிற்றை இழுத்து ஸ்ரார்ட் பண்ணுங்கள். மெதுவாக இழுக்கும்போது கைக்கு நல்ல இறுக்கம் தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளே தேய்ந்துவிட்டது.

எங்கள் கரைகளில் பாவிக்கும் எஞ்சின்களில் அநேகமானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். பெற்றோலில் நன்றாக ஓடி, மண்ணெண்ணெய்க்கு மாற்றியதும் இருமும் எஞ்சின் உங்களுக்கு உதவாது.

ஓடும்போது எஞ்சினின் பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீச்சியடிக்கும். அது விடாமல், பலமாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குளிரூட்டும் தண்ணீர் போகும் வழியில் உப்புக் கட்டியிருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் எஞ்சின் சூடாகி இறுகிவிடும். பின்பு கீழே கியர் ஒயில் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திச் சில துளி எடுத்துப் பாருங்கள். ஒயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே கடற்தண்ணீர் போயிருக்கிறது. விசிறியைக் கையால் சுற்றி, தண்டு ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

வலு எவ்வளவு வேண்டும்? போர்க்காலத்தில் எஞ்சின் வலுவுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், இப்போது கிடைக்கும் பெரிய எஞ்சினையே வாங்க வேண்டுமென்ற ஆசை பலரிடம் இருக்கிறது. விளங்குகிறது. ஆனால் 15 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 6, 7 லீற்றர் குடிக்கும். 25 குதிரைவலு 10 லீற்றருக்கு மேல் குடிக்கும். உங்கள் வலை கிடக்கும் இடம் எவ்வளவு தூரம், ஒரு நாள் பிடியில் அந்த எண்ணெய்க்காசு வருமா என்பதை முதலில் பாருங்கள். எஞ்சினின் கால் நீளமும் பின்பலகையின் உயரமும் பொருந்த வேண்டும். 15 அங்குலக் காலும் 20 அங்குலக் காலும் உண்டு. பொருந்தாவிட்டால் விசிறி தண்ணீருக்கு மேலே காற்றில் சுழலும், அல்லது அளவுக்கு மீறி ஆழத்தில் இழுபட்டு எண்ணெய் வீணாகும்.

எந்த நிறுவனத்து எஞ்சின் என்று கேட்பவர்களுக்கு: உங்கள் கரையில் கூடுதலானோர் வைத்திருப்பதையே வாங்குங்கள். உதிரிப்பாகம் பக்கத்து ரவுணில் கிடைக்கும், திருத்தத் தெரிந்தவர் ஊரிலேயே இருப்பார். ஒரு சிறிய ரப்பர் வளையத்துக்காகக் கொழும்புக்குப் போய்வரும் கிழமையில் மற்றவர்கள் இறால் பிடித்திருப்பார்கள்.

எஞ்சினில் பொறித்த இலக்கத்தைப் பாருங்கள். சுரண்டியிருந்தாலோ தகடு கழற்றப்பட்டிருந்தாலோ, விலை எவ்வளவு மலிவானாலும் வாங்கக்கூடாது.

யாருடைய படகு?

இது கடல் அனுபவத்தால் மட்டும் அறியக்கூடியதல்ல. இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்கள் படகுகளைக் கரையில் விட்டுவிட்டு ஓடின. அவை கைமாறின, நிறம் மாறின, சில மாவட்டமே மாறின. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய படகை ஒரு நாள் இன்னொருவர் வந்து தன்னுடையது என்று அடையாளம் காட்டலாம். அவரும் உங்களைப் போல எல்லாவற்றையும் இழந்தவராகவே இருப்பார். காசு வாங்கியவர் அப்போது அங்கே இருக்கமாட்டார்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். எஞ்சின் பூட்டிய பைபர் படகின் இலக்கம் ஓ.எப்.ஆர்.பி. என்ற எழுத்துகளோடும், எஞ்சின் பூட்டிய மரபுவழி வள்ளம் எம்.ரி.ஆர்.பி. என்றும், எஞ்சின் இல்லாதது என்.ரி.ஆர்.பி. என்றும் தொடங்கும். மாவட்டத்தின் குறியும் அதில் இருக்கும். இந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு, காசு கொடுக்கும் முன், உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் போங்கள். பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, விற்பவர் அவர்தானா, படகின்மேல் கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவரின் பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்திருக்கலாம், அது நடக்கக்கூடியதே. பத்திரம் தொலைந்தவர் உங்களோடு பரிசோதகரிடம் வரத் தயங்கமாட்டார். வரத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

பக்கத்தில் ஏதாவது தொண்டு நிறுவனத்தின் பெயரோ அடையாளமோ இருந்தால் அது உதவியாகக் கிடைத்த படகு. குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். விசாரித்துக்கொள்ளுங்கள்.

விற்பனை முடிந்ததும் விற்றவரும் நீங்களும் சேர்ந்து போய்ப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்பனைக் கடிதத்தில் படகின் இலக்கம், எஞ்சின் இலக்கம், தொகை, திகதி, இருவரின் அடையாள அட்டை இலக்கங்கள், இரண்டு சாட்சிகள் இருக்க வேண்டும். மீன்பிடி அனுமதிப்பத்திரம் பதிவிலிருந்து வேறானது. அது ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்பட வேண்டும். உங்கள் கரையில் கடற்படையின் அனுமதி நடைமுறை இருந்தால் அதையும் சங்கத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. கடலுக்குப் போவது தம்பியோ மருமகனோ கூலிக்கு வருபவரோ யாராயினும், உங்கள் காசில் வாங்கும் படகை உங்கள் பெயரிலேயே பதியுங்கள். பெண் பெயரில் பதிய முடியாது என்று யாராவது சொன்னால் அது உண்மையல்ல. பங்கு எப்படி என்பதையும் தொடக்கத்திலேயே பேசுங்கள். எண்ணெய்ச் செலவைக் கழித்தபின் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, தொழிலாளருக்கு ஒரு பங்கு என்பது பொதுவான முறை. அளவு கரைக்குக் கரை மாறும். மீன் நிறுக்கும் நேரத்தில் நீங்களோ உங்கள் வீட்டார் ஒருவரோ கரையில் நில்லுங்கள். காணாமற்போன கணவரின் பெயரில் ஏற்கெனவே படகு இருந்தால், அதை விற்கவோ மாற்றவோ முன் பரிசோதகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இதற்காக எந்தக் கடதாசியிலும் விளங்காமல் கையெழுத்திட வேண்டாம்.

புதிய படகு

புதுப்படகு என்பதால் நல்ல படகு என்றாகிவிடாது. 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகச் செய்து கொடுக்கப்பட்ட பைபர் படகுகளில் பல, மெல்லிய அடியோடும் பலமில்லாத பின்பலகையோடும் வந்தன; கடல் தாங்காமல் ஒதுக்கப்பட்டன. பட்டறையில் சொல்லிச் செய்விப்பதானால் முற்பணம் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். பைபர் அடுக்கு வைக்கும் நாளில் ஒரு தடவை, பின்பலகை வைக்கும் நாளில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். எத்தனை அடுக்கு என்று முன்பே எழுதி வாங்குங்கள். முடிந்த படகை வெயிலுக்கு எதிரே பிடித்து, உள்ளிருந்து பாருங்கள்: மேற்பூச்சு வெளிறிய நிறமானால் மெல்லிய இடம் கூடுதலாக வெளிச்சம் காட்டும். றெசின் மணம் கடுமையாக அடித்தால் இன்னும் இறுகவில்லை. இறக்க அவசரப்பட வேண்டாம்.

காசு கொடுக்கும் நாள்

முழுத் தொகையையும் கடற்கரையில் வைத்து எண்ணிக் கொடுக்காதீர்கள். சிறிய முற்பணம், பற்றுச்சீட்டு, பிறகு கடலில் ஓட்டிப் பார்த்தல், பிறகு பரிசோதகர் அலுவலகத்தில் மிச்சக் காசு. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது நீங்கள் வழமையாகக் கொண்டுபோகும் ஆட்களும், வலையின் அளவுக்குப் பாரமும் படகில் இருக்கட்டும். வெறும் படகு எப்போதும் நன்றாகத்தான் ஓடும்.

படகோடு வலையையும் சேர்த்துத் தருகிறேன் என்றால் வலையை விரித்துப் பாருங்கள். தங்கூசி வலை தடைசெய்யப்பட்டது. அதோடு பிடிபட்டால் வலை போகும், வழக்கும் வரும். பாக்குநீரிணைப் பக்கம் தொழில் செய்பவர்கள், இந்திய இழுவைப் படகுகள் வரும் இரவுகளில் வலை அறுபடும் என்பதைக் கணக்கில் வைத்து, எல்லா வலையையும் ஒரே நாளில் கடலில் போடாமல் இருப்பது நல்லது.

ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, துடுப்பு இரண்டு, நங்கூரமும் நீளமான கயிறும், ரோர்ச், குடிதண்ணீர், மாற்று ஸ்பார்க் பிளக், பிளக் கழற்றும் சாவி. இவை இல்லாமல் முதல் நாள்கூடப் போகாதீர்கள். முதல் கிழமை கரை தெரியும் தூரத்துக்குள், இன்னொரு படகோடு சேர்ந்து ஓடுங்கள். கரைக்கு வரும்போது கடைசிச் சில நிமிடங்களைப் பெற்றோலில் ஓட்டி எஞ்சினை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையில் ஸ்ரார்ட் ஆகாது. ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் எஞ்சினைக் கழுவுங்கள். பதிவிலக்கத்தை அணியத்தின் இரு பக்கமும் பெரிதாக எழுதுங்கள். பதிவுப் பத்திரத்தின் பிரதி ஒன்றைப் பொலித்தீன் பைக்குள் போட்டுப் படகிலும், மூலப்பிரதியை வீட்டிலும் வைத்திருங்கள்.